இருமாத வரிசை

பாமாயில் லோடு கிளம்பிவிட்டதாம். ரேஷன் கடைக்காரர் ஒன்பது மணிக்குச் சொன்னது இது. இப்போது பத்தேகால். துவரம்பருப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, இரண்டையும் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் பாமாயிலுக்கு மறுபடி ஒரு தரம் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்பதால் யாரும் நகரவில்லை. நானும் பையை வரிசையில் எனக்குப் பதிலாக நிற்க வைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டடத்தின் திண்ணையில் உட்கார்ந்தேன்.

திருமயிலை பறக்கும் ரயில் பாலத்துக்குப் பக்கவாட்டில், கால்வாயை ஒட்டிப் போகும் தெரு. ரயில் மேலே போகும்போதெல்லாம் பேச்சு பாதியில் நின்று மறுபடி தொடங்கும். பக்கத்துக் கட்டடம் சமூக நலக்கூடம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வெள்ளம் வந்தால் சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் இங்கேதான். இன்றைக்கு வாசலில் ஒரு ஃபிளெக்ஸ்: நெஞ்சக எக்ஸ்ரே, இலவசம். அதனால் ஒரே பூவரச நிழலில் இரண்டு வரிசைகள். எங்களுடையது பாமாயிலுக்கு. அடுத்தது எக்ஸ்ரேவுக்கு.

கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் காதில் விழுந்தது. இருமல் சத்தம் முழுக்க எங்கள் வரிசையிலிருந்து வருகிறது. எக்ஸ்ரே வரிசையில் ஒருவர்கூட இருமவில்லை.

எங்கள் வரிசையில் எனக்கு நாலு பேர் முன்னால் ஒரு பெரியவர். கட்டம் போட்ட சட்டை, காதில் செருகிய பாதி பீடி. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் கொஞ்சம் உருண்டு, கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொள்ள வைக்கும் இருமல். நலக்கூடத்திலிருந்து நோட்டும் கையுமாக வெளியே வந்த செவிலியர் அவரைப் பார்த்தார்.

"தாத்தா, வாங்களேன், ஒரு படம் எடுத்துக்கலாம். அஞ்சு நிமிஷம்தான்."

"இது முப்பது வருஷத்து இருமல்மா. இதுக்குப் படம் புடிச்சா உன் மிசினுதான் கெட்டுப்போவும்."

"இடத்த யாராவது பாத்துப்பாங்க."

"யாரு பாத்துப்பா? நீ பாத்துப்பியா?"

வரிசை சிரித்தது. செவிலியரும் சிரித்துவிட்டு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு எக்ஸ்ரே வரிசைப் பக்கம் திரும்பி வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதா? உடம்பு இளைச்சிருக்கா? ராத்திரியில வேர்க்குதா?

இந்த நாலாவது கேள்வியை எழுதியவர் மே மாதத்துச் சென்னையில் மின்விசிறி நின்றுபோன ஒற்றை அறையில் படுத்திருக்க மாட்டார். "கரண்டு போனா வேர்க்காம?" என்றாள் ஒரு பெண். இளைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு இன்னொருத்தி, "இளைச்சா நல்லதுதானே சிஸ்டர்" என்றாள். இருமலுக்கு எல்லோரும் சொன்னது ஒரே பதில்: இல்லை. இல்லை. இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு டிக். எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொன்னவர்களையும் உள்ளே அனுப்பினார் என்பதுதான் விஷயம்.

எனக்குத் தெரிந்து அப்படி இருந்ததில்லை. இல்லை என்றால் வீட்டுக்குப் போ என்பதுதான் முறை. சினிமா, ஆஸ்பத்திரிச் சுவர், அரசாங்க விளம்பரம் எல்லாம் நமக்கு இருமலைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. 1961ல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவிக்கு வருவது காசநோய்தான். அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் கைக்குட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால் போதும், கொட்டகையில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அது கிடக்கட்டும், நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரே என்ன? காசம் என்றால் இருமல். பழைய வைத்திய நூல்களில் அதுதான் பொருள். காசநோய் என்றால் இருமல் நோய். அதற்கு முந்தைய பெயர்களும் அப்படித்தான்: க்ஷயம் என்றால் தேய்வு, எலும்புருக்கி என்றால் சொல்லவே வேண்டாம். எல்லாப் பெயரும் நோய் முற்றி வெளியே தெரிந்த பிறகு வைத்த பெயர். தெரியாமல் இருக்கும் காலத்துக்கு நம்மிடம் ஒரு சொல் கிடையாது. டாக்டர்கள் இப்போது 'அறிகுறியற்ற காசநோய்' என்கிறார்கள். இருமல் இல்லாத இருமல் நோய்.

நலக்கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு திரைச்சீலை, பின்னால் சுவரில் சாய்த்த தட்டு, அதற்கு எதிரே முக்காலியில் பொருத்திய கருவி. பார்த்தால் கல்யாண வீட்டு வீடியோக்காரர் கேமரா மாதிரிதான் இருந்தது. ஓர் ஆள் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறலாம் போல. அதன் பின்னால் ஈயக் கவசம் மாட்டிய ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், கவசத்துக்குள் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தான்.

பெண்கள் முறை வந்தால் நேரம் பிடித்தது. செயினைக் கழற்ற வேண்டும், பின்னலைத் தலைக்கு மேல் தூக்கிச் செருக வேண்டும். செயின் கழன்றுவிடும். தாலிச் சரடு கழலாது. ஒரு நடுவயது அம்மாள் கழற்ற மாட்டேன் என்று நின்றாள். செவிலியர் வாதாடவில்லை. சரடை மேலே இழுத்து, தாலியை அந்த அம்மாளின் வாயிலேயே கொடுத்து, "பல்லுல புடிச்சுக்குங்க" என்றார். அந்த அம்மாள் தாலியைக் கடித்துக்கொண்டு தட்டில் மார்பை ஒட்டி நின்றாள். தோள் இரண்டும் முன்னுக்குத் தள்ளி, முகவாய் தட்டின் விளிம்பில். பையன் சொன்னான்: "மூச்ச நல்லா இழுங்க... புடிங்க..." ஒரு சின்னக் 'கிளிக்'. "வுடுங்க." அவ்வளவுதான். தாலியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

வந்ததும் செவிலியரிடம் தணிந்த குரலில் ஒன்று கேட்டாள். திண்ணையில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "ஏதாச்சும் இருந்தா நான் வேல செய்யற வூட்டுக்குச் சொல்லுவீங்களா சிஸ்டர்?"

"நாங்க ஏன்க்கா சொல்லப் போறோம்?"

"மூணு வூடு. ரெண்டு அடையாறு, ஒண்ணு ஆர்.ஏ.புரம். அடையாறுல ஒரு வூட்ல சமையல். தெரிஞ்சா வேல பூடும்."

அவளுக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று வீட்டுக் குடியிருப்பு வாசல்களில் இந்த ஃபிளெக்ஸ் ஏன் கட்டப்படுவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கட்டினால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். காசநோய் லிஃப்ட் இல்லாத வீடுகளில் மட்டும் வருவது என்று நாம் ஒரு முடிவுக்கு வந்து வெகு நாளாகிவிட்டது. சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்கிறார்கள். சர்க்கரைக்கு லிஃப்ட் தெரியாதா என்ன? இந்த மயிலாப்பூரில் எந்தச் சாப்பாட்டு மேஜையிலும் மாத்திரை டப்பாவைப் பார்க்கலாம்.

மயிலாப்பூர் என்றதும் ஒரு பழைய கதை. 1919ல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய கணித மேதை ராமானுஜன் கொஞ்ச நாள் இங்கே லஸ் சர்ச் சாலையில் ஒரு பங்களாவில் இருந்தார். காய்ச்சல், மெலிவு, வலி. இங்கிலாந்திலேயே காசநோய் என்று சொல்லி ஒரு சானடோரியம் மாற்றி இன்னொரு சானடோரியமாக வைத்திருந்தார்கள். அதில் ஒன்று மெண்டிப் மலையில் டாக்டர் சவுரிமுத்து நடத்தியது. அந்தச் சவுரிமுத்துதான் பின்னால் ஊர் திரும்பி 1928ல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவர். இன்றைக்கும் அங்கே ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார், 32 வயதில். 1994ல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, அது காசநோயாகவே இருந்திருக்காது, கல்லீரலில் அமீபா தொற்றாக இருக்கலாம் என்று எழுதினார். அறிகுறிகளைப் பார்த்துக் காசநோய் என்றார்கள். நோய் வேறாக இருந்திருக்கலாம். இந்த வரிசையில் நிற்பவர்களிடம் அறிகுறி எதுவும் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு கொடுக்கும் சாட்சியம் இரண்டு பக்கமும் காலை வாரும் போலிருக்கிறது.

ஒரு சின்னப் பெண் வரிசையைத் தாண்டி முன்னால் போய் நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, மடிப்பு கலையாத ஒரே நிறச் சேலை. தி.நகர் ஜவுளிக்கடைச் சேலை அது. நூறு பெண்கள் அதே சேலையில் நிற்பார்கள். "பதினோரு மணி ஷிப்ட்டு அக்கா, லேட்டானா சம்பளத்துல புடிப்பாங்க, வுடுங்களேன்." விட்டார்கள். அவளை முதலில் எடை மெஷினில் நிற்க வைத்தார் செவிலியர். முள் அதிகம் நகரவில்லை. உயரத்தையும் எடையையும் போனில் தட்டி, வந்த எண்ணைப் பார்த்து, "காலையில சாப்ட்டியாம்மா?" என்றார். "பன்னு சாப்ட்டேன்." பதினெட்டரைக்குக் கீழே என்று காதில் விழுந்தது. உடல் நிறைக் குறியீடு அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதே இந்த முகாமுக்கு ஒரு நுழைவுச் சீட்டு. மற்ற சீட்டுகள்: அறுபது வயதுக்கு மேல், சர்க்கரை, புகை, குடி, முன்பு காசநோய் வந்தவர், வீட்டில் யாருக்காவது வந்தவர். 2024 டிசம்பர் 7ல் நாடு முழுக்க 347 மாவட்டங்களில் நூறு நாள் இயக்கம் என்று தொடங்கியபோது, இந்தக் கையடக்க எக்ஸ்ரேக்களோடு தெருத் தெருவாகப் போய் இவர்களைத்தான் தேடச் சொன்னார்கள்.

ரங்கநாதன் தெருவில் ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தென்மாவட்டத்துப் பையன்கள் பத்துப் பதினைந்து பேராக ஒரு ஹாலுக்குள் போய்ப் பாய் விரிப்பார்கள். ஜன்னல் இருக்கும், திறக்காது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். காசநோய்க் கிருமி பரவ வேறென்ன வேண்டும்? காற்று, கூட்டம், நேரம். தென்னாப்பிரிக்கக் கேப் டவுனில் நோயாளிகளின் மூச்சையே பிடித்து அளந்து பார்த்தார்கள். ஓர் இருமலில் வெளியேறும் கிருமி ஒரு மூச்சில் வெளியேறுவதைவிட அதிகம்தான். ஆனால் ஒரு நாளில் இருமுவது சில நூறு தடவை. மூச்சு விடுவது இருபதாயிரம் தடவைக்கு மேல். கூட்டிப் பார்த்தால் பெரும்பங்கு சும்மா விடும் மூச்சிலேயே போகிறது என்று கணக்கு வந்தது. பேசாமல் படுத்திருக்கிறவனும் பரப்பலாம்.

இந்தச் சேதி சென்னைக்கு முற்றிலும் புதிதில்லை. 1956ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். இன்றைக்கு அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமையில் நடந்த முதல் ஆய்வில் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம்: படுக்கை, நல்ல சாப்பாடு, நல்ல காற்று. இன்னொரு பாதி வீட்டிலேயே, அதே நெரிசலில், அதே கஞ்சியில். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். முடிவு 1959ல் வெளியாகி, சானடோரியங்கள் பூட்டப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள்.

அந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வால். நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் கூட இருப்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்ற பயம் இருந்ததல்லவா? அதனால் அந்தக் குடும்பங்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி சானடோரியத்துக்குப் போன வீட்டைவிட நோயாளி இருந்த வீட்டில் அதிகம் பேருக்கு வந்துவிடவில்லை. காரணம், ஒட்ட வேண்டியது மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே ஒட்டிவிட்டிருந்தது. கண்டுபிடிப்பதற்கு முந்தைய அந்தச் சத்தமில்லாத மாதங்களில். அறுபத்தைந்து வருடத்துக்கு முன்பே சேத்துப்பட்டு சொல்லிவிட்ட சேதியைத்தான் இந்தப் பூவரச மரத்தடி இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது.

மேலே ரயில் போயிற்று. எங்கள் வரிசைப் பெரியவர் இந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு பெரிய இருமலை முடித்தார்.

அடுத்து உள்ளே போனவர் ஆட்டோக்காரர். வண்டியை நலக்கூட வாசலிலேயே பாதி அடைத்த மாதிரி நிறுத்தியிருந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது, காக்கிச் சட்டைக்குள் நல்ல வாட்டசாட்டம். வரும்போதே செவிலியரிடம், "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். என் மச்சானுக்குப் போன வருஷம் வந்துச்சு, எங்கூடத்தான் தங்கியிருந்தான். வூட்டுக்காரம்மா தொல்ல தாங்கல, அதான் வந்தேன்" என்றார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது, ஜிம்மில் நிற்பவர் மாதிரி மார்பை விரித்து நின்றார்.

அந்தப் பையனின் லேப்டாப் ஜன்னலைப் பார்த்து இருந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. இன்னொரு மனுஷனின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்ப்பது வேறு எந்த எட்டிப் பார்த்தலையும்விட மோசமானது. ஆனால் பார்த்தேன். விலா எலும்புகள் வெள்ளைக் கம்பிகளாக, நடுவே இதயம் ஒரு பக்கம் சாய்ந்து, இரு பக்கமும் காற்று நிறைந்த கறுப்பு. வலது பக்கம் கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே கறுப்புக்குள் ஒரு வெண்மை. சாம்பிராணி போட்ட அறையின் மூலையில் தங்கிப்போன புகை மாதிரி, அதிகமில்லை. அடுத்த நொடியில் கணினி தானாகவே அந்த இடத்துக்கு மஞ்சளும் சிவப்பும் பூசியது. ஓரத்தில் ஓர் எண் வந்தது. பையனின் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறக் கூடாது என்று பழகியிருப்பான். போனை எடுத்து யாருக்கோ படத்தை அனுப்பினான். "அண்ணா, சட்ட போட்டுக்கிட்டு வெளிய உக்காருங்க, சிஸ்டர் கூப்டுவாங்க."

வெண்மை எல்லாம் காசநோய் இல்லை. பழைய நிமோனியாவின் தழும்பாக இருக்கும், ஆறிப்போன பழைய காசமாகவே இருக்கும், சில சமயம் படத்தின் கோளாறாகவும் இருக்கும். கணினிக்கு வித்தியாசம் தெரியாது. சந்தேகப்படத்தான் அதற்குத் தெரியும். கிருமி இருக்கிறதா என்று சளியைப் பார்த்தால்தான் உறுதி. படத்தில் மட்டும் நிழல் தெரிந்து சளியில் எதுவும் இல்லாதவர்களை என்ன செய்வது என்று டாக்டர்களுக்குள்ளேயே முழு உடன்பாடு கிடையாது. சிலருக்கு உடம்பே சமாளித்துக்கொள்ளும், சிலருக்கு ஆறு மாதத்தில் இருமல் வரும். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் ஒரு பரிசோதனை வரவில்லை.

சரி, இதையெல்லாம் முன்பே செய்திருக்கலாமே என்றால், செய்தோம். 1955லிருந்து 58 வரை எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகப் போய் நாட்டின் முதல் பெரிய காசநோய்க் கணக்கெடுப்பை நடத்தின. அந்தச் சின்னப் பட எக்ஸ்ரே முறையைக் கண்டுபிடித்தவர் பிரேசில் நாட்டு டாக்டர் மனுவேல் டி அப்ரூ. பிறகு 1960களின் தொடக்கத்தில் பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் கர்நாடகத்துத் தும்கூர் கிராமங்களில் ஒன்று கண்டார்கள். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. வண்டியில் போய்த் தேடுவானேன், தானாக வருகிறவனையே ஒழுங்காகப் பரிசோதிக்காமல் அனுப்புகிறோமே என்றார்கள். நியாயம்தான். செலவும் குறைவு. 1974ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் எக்ஸ்ரே வண்டிகள் வேண்டாம் என்றது. அன்றிலிருந்து இருமல்தான் வாசற்கதவு. இருமிக்கொண்டு வா, பார்க்கிறோம்.

நியாயமான அந்த முடிவின் விலை 2019-21ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் தெரிந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேள்வியும் கேட்டார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எக்ஸ்ரே இல்லாமல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் நழுவிப் போயிருப்பார்கள். நம் சென்னையிலேயே 2010-12ல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்த ஓர் ஆய்வில் லட்சம் பெரியவர்களுக்கு 349 பேர் என்று கணக்கு வந்தது. இந்தத் தெருவுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

செவிலியர் ஆட்டோக்காரரைத் தனியே, கட்டடத்தின் பின்பக்கச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். என் திண்ணை அந்த மூலையில் முடிகிறது. கையில் இரண்டு பிளாஸ்டிக் குப்பிகள், நீல மூடி.

"படத்துல ஒரு சின்ன நிழல் மாதிரி தெரியுதுண்ணா. ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம். சளி டெஸ்ட் பண்ணிட்டா தெரிஞ்சிடும். இப்ப ஒண்ணு, நாளைக்குக் காலையில எந்திரிச்ச உடனே ஒண்ணு."

"சளியா? எனக்குச் சளியே இல்லியே சிஸ்டர். இன்னாத்த துப்புறது?"

முகாமில் யாரும் பதில் சொல்ல முடியாத கேள்வி அதுதான். இருமல் இல்லாதவனைத் தேடிப் பிடித்தாகிவிட்டது. அவனைச் சோதிக்க அவன் இருமியாக வேண்டும்.

செவிலியர் செய்து காட்டினார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மூக்கால் ஆழமாக ஒரு மூச்சு, கொஞ்சம் நிறுத்தி, விட்டு, மறுபடி ஒன்று, மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து. "தொண்டையிலேர்ந்து இல்ல. இங்கேர்ந்து வரணும்." சொல்லிவிட்டு நாலடி தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் போகிற மாதிரி பார்த்து நின்றுகொண்டார்.

ஆட்டோக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முயன்றார். வெறும் காற்று வந்தது. மறுபடி. கடைசியில் குப்பியில் ஏதோ துப்பி எடுத்து வந்தார். செவிலியர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுரை. "இது எச்சில்ணா." வேறு குப்பி கொடுத்தார். அவர் கழுத்து சிவந்துவிட்டது. "மச்சான் துப்பிக்கினே இருப்பான், பாக்கெட் பாக்கெட்டா குடுப்பான்" என்றார், ஏதோ அதில் தோற்றுப்போன மாதிரி. சுடுதண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார் செவிலியர். எதிரே டீக்கடையில் ஒரு கிளாஸ் வெந்நீர் வாங்கி நின்றபடியே குடித்தார். குடிக்கும்போது நலக்கூடத்தைப் பார்க்கவில்லை, ரயில் பாலத்தைப் பார்த்தார்.

அவருக்கு அந்த நோய் இருந்தால், அடுத்து நடப்பது எனக்குத் தெரியும். ஆறு மாதம், தினமும் மாத்திரை. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரிஃபாம்பிசின் செய்கிற வேலை. காய்ச்சலில் நொந்து வந்தவன் அந்த நிறத்தைப் பொறுத்துக்கொள்வான், இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, மருந்து வேலை செய்கிறது என்று கண்ணாலேயே காண்பான். இவர் எதைக் காண்பார்? நன்றாக இருக்கிறவர் மாத்திரை போட்டுக்கொண்டு வாந்தி வருகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். மருந்தே நோய் மாதிரி இருக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊட்டச்சத்துக்கு வங்கிக் கணக்கில் வரும். சவாரி போகாத ஒரு நாளுக்கே அது சரியாகிவிடும்.

இந்த நோயின் இன்னொரு முனையையும் நினைத்துக்கொண்டேன். 2022ல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்று தொடங்கினார்கள். நோய் என்று தெரிந்த அன்றே செவிலியர் சிலவற்றைப் பார்ப்பார்: எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், அப்புறம் பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. நிற்க முடியாதவரை உடனே அட்மிட் செய்ய வேண்டும். அப்படி நிற்க முடியாமல் வருகிறவரும் ஒரு காலத்தில் ஆட்டோ ஓட்டியவர்தான், வெந்நீர் கிளாஸோடு நின்றவர்தான். நடுவில் போனது மாதங்கள்.

ஆட்டோக்காரர் மறுபடி சுவரோரம் போனார். இந்தத் தடவை கையை இடுப்பில் வைத்தார், செவிலியர் காட்டிய மாதிரியே. ஒரு மூச்சு. இரண்டு. மூன்றாவதில் இருமினார். நிஜமான இருமல், அடியிலிருந்து வந்தது. காலையிலிருந்து அந்த வரிசையில் வந்த முதல் இருமல். எங்கள் வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் பார்ப்பது மாதிரி.

குப்பியை வெளிச்சத்தில் பார்த்த செவிலியர் தலையசைத்தார். மூடி போட்டு, பேரும் எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். இரண்டாவது குப்பி ஆட்டோக்காரர் கைக்கு வந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார். டேஷ்போர்டில், முண்டகக்கண்ணி அம்மன் படத்துக்கு அருகே வைத்தார், அதையும் எடுத்தார். கடைசியில் சீட்டுக்கு அடியில், ஸ்பேனரும் துணியும் கிடக்கிற பெட்டியில் ஒரு பாலிதீன் பையில் சுற்றி வைத்து மூடினார்.

"நாளைக்கு எந்திரிச்ச உடனே. பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி."

"ஞாபகம் இருக்கு சிஸ்டர்."

"இன்னிக்கு வண்டி ஓட்டுவீங்களா?"

"ஓட்டாம?"

"அப்ப இத மாட்டிக்குங்க." ஒரு மாஸ்க். மாட்டிக்கொண்டார். மூக்குக்குக் கீழே.

செவிலியர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். மேலே இழுத்துக்கொண்டார்.

அப்போது தெரு முனையில் ஹாரன் கேட்டது. டெம்போ. வரிசை முழுக்க ஒரே நேரத்தில் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. ஆனால் டெம்போ உள்ளே வர முடியவில்லை, ஆட்டோ வழியை அடைத்துக்கொண்டிருந்தது. "ஏம்பா, வண்டிய எடு!" என்று நாலைந்து குரல்கள். பெரியவர் இருமலுக்கு நடுவில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். ஆட்டோக்காரர் கையைத் தூக்கி, சரி சரி என்று காட்டிவிட்டு, ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸில் லேசாக வளைத்து ஒதுங்கினார். பின் சீட்டில் அந்த ஜவுளிக்கடைப் பெண். பதினோரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நான் எழுந்து போய்ப் பையின் இடத்தில் நின்றேன்.